பசளை போட்ட சரிவு

2024 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழும்பினேன். தேநீர், இரண்டு துண்டு பாண். ஆறரைப் பஸ்ஸில் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கி நாற்றுப் பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரத்தைத் திறந்தேன். இரவு மழை பெய்திருந்ததால் உள்ளே காற்று கனத்துக் கிடந்தது. இரண்டு பக்கச் சீலைகளையும் சுருட்டிக் கட்டினேன். நாற்றுத் தட்டுகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் விட்டேன். மேலிருந்து ஊற்றினால் சின்ன நாற்றுகள் சாய்ந்துவிடும். பிறகு விதை சுத்தம் செய்தேன். நீலமணிப் பூவின் விதை தூசி மாதிரி இருக்கும், மூச்சை அடக்கிக்கொண்டுதான் சலிக்க வேண்டும். ஒவ்வொரு காகிதப் பையிலும் விதை எடுத்த இடத்தையும் நாளையும் எழுதினேன். மதியம் முந்திய இரவுப் புட்டும் மீன்குழம்பும். சாப்பிட்டதும் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். நகத்து மண் போகவில்லை. சப்பாத்தை மாற்றிக்கொண்டு, இரண்டு மணிக்குப் பகுதி நிர்வாக அலுவலகத்தில் சரிவைப் பற்றிய கூட்டத்துக்குப் போனேன்.

சரிவு என்று நாங்கள் சொல்வது ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்கள் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், காட்டின் ஓரம்வரை ஏறிப்போகும் நிலத்தை. தெற்குப் பார்த்தது. மேல் விளிம்பில் பாறை வெளியே தெரியும். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டுக்கு வைக்கோல் வெட்டிய பண்ணைகள் இருந்தன. வருடத்தில் ஒருமுறை, பூக்கள் விதை கொட்டிய பிறகு, புல்லை அரிந்து காயவைத்து அள்ளிக்கொண்டு போவார்கள். நிலத்துக்குத் திரும்ப ஒன்றும் போட மாட்டார்கள். நூறு இருநூறு வருடம் அப்படி எடுத்துக்கொண்டே இருந்ததில் மண் இளைத்துப்போனது. அந்த இளைத்த மண்ணில்தான் இந்த நாட்டின் அழகான பூக்கள் அத்தனையும் வரும். மண் கொழுத்தால் புல் கொழுக்கும். புல் கொழுத்தால் பூ சாகும். விஷயம் இவ்வளவுதான். இதை நோர்வே மொழியில் அந்நியர்களுக்குச் சொல்லிப் புரியவைத்திருக்கிறேன். தமிழில் என் சொந்தக் குடும்பத்துக்குச் சொல்ல முடியவில்லை.

பகுதி நிர்வாகம் சரிவை என்னிடம் ஒப்படைத்தபோது அது பாதி லூபின் செடி, பாதி வெறும் புல். ஒப்பந்தம் எளிமையானது. நான்காவது கோடையில் உயிரியலாளர் ஒருவர் வந்து பார்ப்பார். பூம்புல்வெளி ஆகியிருந்தால் சரிவு என் பொறுப்பில் தொடரும், பக்கத்து மேட்டையும் தருவார்கள். ஆகாவிட்டால் ஒப்பந்தம் முடியும்.

முதல் வருடம் முழுவதும் லூபின் பிடுங்கினேன். ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று நிமிர்ந்து நிற்கும் அந்தப் பூக்கள் எங்கள் சனத்துக்குப் பிடிக்கும். பூப்புனித நீராட்டு விழாப் படமெல்லாம் அதற்கு முன்னால்தான் எடுப்பார்கள். அது வெளியிலிருந்து வந்த செடி, மண்ணைக் கொழுக்க வைத்து மற்றதையெல்லாம் அமுக்கிவிடும், அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது என்று விளக்கினேன். அத்தான் மாடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெளியிலையிருந்து வந்து வேர் விட்டுப் பரவுறதோ?" என்றார். "அப்ப அந்த லிஸ்டிலை நாங்களும் இருக்கிறமோ எண்டு ஒருக்கா வடிவாப் பார் பிள்ளை."

கீழே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஒஸ்லோவில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதற்கு முன் எங்கள் ஊர் வலிகாமத்தில் தகப்பனாரோடு வெங்காயமும் புகையிலையும் செய்தவர். எங்கள் கட்டடத்தின் அடுத்த வாசலில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வரவேற்பறை யன்னலோரம் முழுக்கக் கறிவேப்பிலையும் முருங்கையும் சாடிகளில் நிற்கும். மாசி மாத இருட்டிலும் அவர் கைபட்டது தளிர்க்கும், அதை நான் மறுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த நிலம், போட்டால்தான் தரும் நிலம். பச்சைக் குழையை வெட்டி மண்ணில் தாழ்த்து, ஆட்டுப் பட்டி அடை, எருவைக் கொட்டு. ஊரில் தோட்டக்காரனுடைய மதிப்பே அவன் நிலத்துக்கு எவ்வளவு போட்டான் என்பதில்தான் இருந்தது. நான் சரிவிலிருந்து அரிந்த புல்லை மூட்டை மூட்டையாக வெளியேற்றுவதைப் பார்த்து அவருக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது.

"எல்லாத்தையும் வழிச்சு எடுத்துக்கொண்டு போறாய். அதுக்கு என்னத்தைக் குடுக்கிறாய்?"

"ஒண்டும் குடுக்கக் கூடாது அத்தான். பசியோடை இருந்தாத்தான் இந்தப் பூ வரும்."

"பிள்ளையளையும் இப்பிடித்தான் வளத்தனியோ?"

இரண்டாம் வருடம் எங்கல் விதைத்தேன். எங்கல் மஞ்சள் பூப் பூக்கும் சிறிய செடி. காய் காய்ந்ததும் ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். அது புல்லின் வேரில் ஒட்டிக்கொண்டு புல்லின் உணவைக் குடிக்கும். புல் மெலிந்து இடம்விட, மற்றப் பூக்கள் எழும்பும். குளிர்காலம் முழுவதும் மண்ணில் உறைந்து கிடந்தால்தான் முளைக்கும். கடையில் வாங்கிய பழைய விதையால் பிரயோசனமில்லை. தள்ளி இருந்த பண்ணையொன்றில், சொந்தக்காரக் கிழவரைக் கேட்டு, முழங்காலில் நின்று கையால் உருவி எடுத்த விதை அது. மூன்றாம் கோடையில் சரிவின் நடுப்பகுதி மஞ்சளாகியது. இடையிடையே வெள்ளை இதழ்ச் சாமந்திகள், நீலமணிகள். பண்ணையில் நாற்று வாங்க வருபவர்களை முதலில் மேலே கூட்டிக்கொண்டு போய்ச் சரிவைக் காட்டுவேன். பார்த்த பிறகு யாரும் வெறுங்கையோடு போனதில்லை. நாலாம் கோடை வந்தால் போதும் என்று இருந்தேன்.

நாலாம் கோடைக்கு முந்திய சித்திரையில் ஸ்தவாங்கரில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. முப்பத்தொரு நாள் கழியும்வரை தாய் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மருமகன் எண்ணெய்க் கம்பனி வேலையில் இரண்டு கிழமை கடலில். நான் போனேன். பண்ணையில் தண்ணீர் விடுவதற்கு என் கணவரிடம் ஒழுங்கு செய்தேன். சரிவுக்கு ஒழுங்கு செய்ய எதுவுமில்லை. அதை விட்டுவைத்தால் போதும்.

மே மாதம் பதினேழாம் தேதித் தேசிய தினத்துக்கு முன் எல்லாக் குடியிருப்புச் சங்கங்களிலும் டுக்னாட் நடக்கும். குடியிருப்போர் ஒன்றுகூடிக் குப்பை கூட்டி, வேலிக்குப் பெயின்ட் அடிக்கும் சிரமதானம். எங்கள் கட்டடங்களில் முக்கால்வாசி தமிழர்கள் என்றபடியால் வடையும் தேநீரும் உண்டு, கொஞ்சம் போட்டியும் உண்டு. அன்று நான் மகளின் குசினியில், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறி கூட்டிக்கொண்டிருந்தேன். குடும்பத்து வாட்சப் குழுவில் படம் வந்தது. சரிவின் நடுவில் அத்தானும் இன்னும் ஆறேழு ஆண்களும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். காலடியில் வெறும் சாக்குகள். கீழே அத்தான் எழுதியிருந்தார்: "உன்ரை சரிவுக்கு இண்டைக்குத்தான் வயிறாரச் சாப்பாடு."

அடுப்பை நிற்பாட்டிவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், என்ன போட்டனீங்கள்?"

"கோழி எரு, பிள்ளை. உருண்டை உருண்டையா வாறது. சங்கம் கீழ்ப் புல்லுக்கு வாங்கினது, மிச்சம் கனக்கக் கிடந்தது. வெள்ளைக்காரன் பாக்க வரேக்கை பூ அள்ளிக் கொட்ட வேணும் எல்லோ."

"அள்ளுங்கோ. தயவுசெய்து இப்பவே எல்லாத்தையும் கூட்டி அள்ளுங்கோ. மழைக்கு முந்தி அள்ளினா ஒண்டுமில்லை."

அவர் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்வது கேட்டது. "போட்ட சோத்தைத் திரும்ப அள்ளட்டாம்!" சிரிப்புச் சத்தம். "நீ பேரப்பிள்ளையைப் பார், பிள்ளை. இஞ்சை நாங்கள் பாக்கிறம்."

அக்காவுக்கு எடுத்தேன். "அந்தாள் முதுகு நோவோடை நிண்டு செய்தது," என்றாள். "உனக்கு நன்றி எண்டு ஒரு சொல்லு வராதோ?"

கணவருக்கு எடுத்தேன். அவருக்கு மாலை வேலை. முடிந்து வந்து ஒரு வாளியும் தோட்டக் கரண்டியுமாக மேலே போய்ப் பார்த்தார். புல்லுக்குள் விழுந்த உருண்டைகளைப் பொறுக்க முடியவில்லை என்றார். நான் அங்கே நின்றிருந்தால் வைக்கோல் வாரியால் பாதியையாவது வாரியிருப்பேன். காலை விமானம் இருந்தது. மகள் அறையில் படுத்திருந்தாள், தையல் இன்னும் ஆறவில்லை, பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. விமானத்தின் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போனை மூடினேன். மறுநாள் ஒஸ்லோவில் மழை. அதற்கடுத்த நாளும் மழை.

நான் திரும்பியபோது சரிவு பச்சையாக இருந்தது. அப்படியொரு கரும்பச்சை. கீழே வாங்கில் இருந்த பெண்கள் என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்கள். "இப்பதான் அக்கா பாக்க வடிவா இருக்கு. முந்திக் காஞ்சுபோய்க் கிடந்தது." குனிந்து புல்லை விலக்கினேன். எங்கல் நாற்றுகள் அடியில் வெளிறிப்போய் நூல் மாதிரி நின்றன. வெயில் கிடைக்காத செடிக்கு வரும் நிறம். ஆனி பிறக்குமுன் புல் முழங்காலைத் தாண்டியது, மழையில் படுத்து, கீழே இருந்ததை மூடியது. நடுவில், எங்கல் இருந்த இடத்திலேயே, கொழுத்த மண்ணில் வரும் காஞ்சோண்டிச் செடி எழும்பிற்று.

உயிரியலாளர் ஆனி கடைசியில் வந்தார். மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். சதுரச் சட்டமொன்றைப் புல்லில் வைத்து, அதற்குள் நிற்பதை எல்லாம் பார்த்து எழுதினார். வேறோர் இடத்தில் வைத்தார், எழுதினார். நான் பின்னால் நடந்தேன். சட்டத்தை எடுத்துத் தோளில் மாட்டிய பிறகு கேட்டார்:

"பசளை போட்டீர்களா?"

"ஓம். மே மாதம். கோழி எரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். போன இலையுதிர் காலத்தில் நூலகத்தில் நான் நடத்திய வகுப்புக்கு வந்திருந்தவர் அவர். பசளை போடவே கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டவர்.

"நான் ஊரில் இருக்கவில்லை," என்றேன்.

"புரிகிறது," என்றார். நோர்வேக்காரர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அதற்குமேல் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று அர்த்தம்.

அதன் பின் நான் செய்யக்கூடியதைச் செய்தேன். ஆடியில் அரிவாளை எடுத்து, மேல் விளிம்பைத் தவிர முழுச் சரிவையும் வெட்டினேன். நோர்வே அரிவாள் ஆள் உயரப் பிடி உள்ளது, இடுப்பைத் திருப்பி வீச வேண்டும். வெட்டிய புல்லை ஈரம் காயுமுன்னே அகற்றினேன். அதோடு கொஞ்சம் கொழுப்பும் வெளியே போகும். மூன்று கோடை அப்படிச் செய்தால் மண் திரும்ப இளைக்கும். அந்த மூன்று கோடையைக் கேட்கத்தான் இன்றைய கூட்டத்துக்குப் போனேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன்.

கூட்ட அறைக் கதவைத் திறந்தபோது அத்தான் உள்ளே இருந்தார். கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டுப் போட்டிருந்தார். கறுவாப் பணிஸ் ஒன்று அவர் முன்னால் பாதி கடித்தபடி இருந்தது.

பகுதி நிர்வாகத்துப் பெண் முப்பது வயதுக்காரி, நல்லவள். எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். உயிரியலாளரின் முடிவைச் சுருக்கமாகச் சொன்னாள்: சரிவு பூம்புல்வெளி ஆகவில்லை, ஆகும் அறிகுறியும் இல்லை. என் உழைப்புக்கு நன்றி சொன்னாள். நான் மூன்று கோடையைக் கேட்டேன். அவள் தலையைச் சாய்த்தாள்.

"குடியிருப்புச் சங்கம் ஆனி மாதமே ஒரு யோசனை தந்திருந்தது," என்றாள். "மரக்கறிப் பெட்டிகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. மண் இப்போது நல்ல வளமாக இருக்கிறதாம், உங்கள் பிரதிநிதிதான் சொன்னார்." அத்தானைக் காட்டினாள். "இவரே பொறுப்பெடுக்கவும் சம்மதித்திருக்கிறார். குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது எங்களுக்குச் சந்தோஷம்."

ஆனி மாதம். சட்டத்தோடு அந்த மனிதர் சரிவில் நடந்த அதே மாதம். நான் ஆடியில் புல் வெட்டியபோது அக்கா மாடத்திலிருந்து மோர் வேண்டுமா என்று கேட்டாள். கேட்டபோது அவளுக்குத் தெரியும்.

மேல் விளிம்பையாவது விடுங்கள் என்றேன். பாறையோரம் ஒடுங்கலான ஒரு துண்டில் இன்னும் நீலமணியும் எங்கலும் நிற்கின்றன. எருச் சாக்கு தூக்கியவர்கள் அவ்வளவு உயரம் ஏறவில்லை. அவள் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே தண்ணீர்த் தொட்டியும் சரளைப் பாதையும் வருகின்றன. வியாழக்கிழமை மண்வெட்டும் இயந்திரம் வரும்.

வெளியே பஸ் தரிப்பில் அத்தான் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் உனக்காகத்தான் கதைச்சனான், பிள்ளை. வேறை ஆரும் எடுத்திருந்தா உன்னை உள்ளை விடாங்கள்."

"ஆனியிலை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ பாவம் புல்லு வெட்டிக்கொண்டு நிண்டாய். மனம் நோகப்போகுதெண்டு உன்ரை அக்காதான் சொல்ல வேண்டாமெண்டவள்."

"வெட்டாமல் விட்டிருப்பன்."

"வெட்டினது நல்லதுதானே. பெட்டி வைக்கச் சுகம்."

அவர் கேலி செய்யவில்லை. முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அவருக்குப் பசளை போட்டதும் தப்பில்லை, மனு கொடுத்ததும் தப்பில்லை. வளமான நிலம் சும்மா கிடப்பதுதான் தப்பு. அந்த வளம் எப்படி வந்தது என்று கேட்க வாயெடுத்தேன், பஸ் வந்துவிட்டது. அத்தான் எனக்கு முன்னால் ஏறிப் பழைய பழக்கத்தில் சாரதிக்குக் கையைக் காட்டினார். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

வீட்டில் ரசம் வைத்தேன், உப்புக் கூடிவிட்டது. எட்டு மணிபோல அத்தான் போன் எடுத்தார். பின்னால் அக்காவின் குரலும் தொலைக்காட்சியும் கேட்டன.

"பிள்ளை, ஒரு உதவி. வாற வருசத்துக்கு மிளகாய்க் கண்டும் தக்காளிக் கண்டும் வேணும், எல்லாப் பெட்டிக்கும். இப்பவே சொல்லி வைச்சாத்தானே. உன்ரை கூடாரத்திலை அந்த நீள மேசை சும்மாதானே கிடக்கு?"

"இல்லை அத்தான். அதிலை இடமில்லை."

"போன கிழமை வரேக்கை வெறுமையாத்தானே கிடந்தது."

"இப்ப இல்லை."

"உனக்குக் கோவம்," என்றார். "கோவம் ஆறினாப் பிறகு கதைப்பம்."

வைத்துவிட்டார். அவர் சொன்னது சரி. மேசை வெறுமையாகத்தான் கிடந்தது. நான் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி, இன்றையதை எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய். தேநீருக்கு முன், முதல் வேலையாகத் தட்டை மண்வெட்டியும் பாண் கடையில் வாங்கிய பழைய பிளாஸ்டிக் கூடைகளும் எடுத்துக்கொண்டு பாறையோரத்துக்கு ஏறினேன். புல்லும் பூவும் வேரோடு வருமாறு மண்ணைச் சதுரம் சதுரமாக வெட்டித் தூக்கினேன். பாறைக்கு மேலே மண் விரல் அளவுதான், பாய் மாதிரி உரிந்து வந்தது. பிறகு கணவரின் காரில் ஏற்றிக் கூடாரத்துக்குக் கொண்டுபோய், அந்த நீள மேசையில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இடைவெளி இல்லாமல் அடுக்கினேன்.